கூடமும் அறையும் சந்திக்கும் இடத்தில் 14 மில்லிமீட்டர்

காரைக்குடிக்கு அருகே உள்ள எங்கள் பழைய வீட்டின் கூடம் முழுவதும் ஆத்தங்குடிப் பூக்கல், அதாவது கையால் செய்த பூவேலைச் சிமெண்ட் கல், பதித்தது. முழங்கால் வலியால் அம்மாவுக்கு மாடி ஏறுவது சிரமமாகிவிட்டதால், கூடத்தின் கிழக்குச் சுவரை ஒட்டி, தரைத்தளத்திலேயே ஒரு படுக்கையறை கட்டினோம். பழைய சுவரில் வாசல் திறந்து, நிலை வைத்து, உள்ளே வெளிர் நிறத்தில் விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டு முடித்தபோது எல்லோருக்கும் மனநிறைவாகவே இருந்தது. அம்மா அந்த அறைக்குக் குடிபோன மூன்றாம் நாள் காலையில், கூடத்திலிருந்து காப்பி டம்ளருடன் உள்ளே நுழையும்போது கால் பெருவிரல் இடறி, நிலையைப் பிடித்துக்கொண்டு எப்படியோ விழாமல் நின்றார். நகம் பாதி பெயர்ந்திருந்தது. "இந்த இடத்துல படி ஏதும் இருக்காப்பா?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

படி என்று சொல்லும்படி அங்கே எதுவும் இல்லை. மட்டப்பலகையைக் கூடத்துத் தரையிலிருந்து அறைக்குள் நீட்டி வைத்து, அதன் அடியில் அளவுகோலைச் செருகிப் பார்த்தபோது, அறையின் தரை கூடத்தைவிட 14 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. அந்த ஏற்றத்தை மறைக்க வெள்ளைச் சிமெண்டைச் சரிவாகப் பூசிவிட்டிருந்தார்கள். இரண்டு விரல் அகலம்கூட இல்லாத அந்தப் பூச்சு ஏற்கெனவே ஒரு மூலையில் உதிரத் தொடங்கியிருந்தது.

அன்று முதல் ஒரு வீட்டில் இரண்டு வகைத் தரைகள் எப்படிச் சந்திக்கின்றன என்பதைக் கவனித்து, கேட்டு, அளந்து கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் டைல்ஸின் நிறத்துக்கும் விலைக்கும் கொடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கையாவது இந்தச் சந்திப்புக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் 14 மில்லிமீட்டர் ஏன் இவ்வளவு பொல்லாதது என்பதைச் சொல்ல வேண்டும். நாம் நடக்கும்போது முன்னே வீசும் காலின் விரல் நுனிக்கும் தரைக்கும் இடையே மிகக் குறைந்த நிலையில் இருக்கும் இடைவெளி சுமார் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர்தான். வயது ஏற ஏற, முழங்காலும் கணுக்காலும் இறுகிப்போனவர்களுக்கு அந்த இடைவெளி ஒவ்வோர் எட்டுக்கும் மாறிக்கொண்டே இருக்கும். ஆறு அங்குலப் படியைக் கண் பார்த்துவிடுகிறது, காலும் அதற்கேற்பத் தூக்கிக்கொள்கிறது. ஒன்றரை சென்டிமீட்டர் ஏற்றத்தைக் கண் பார்ப்பதில்லை, ஆனால் கால்விரல் சரியாக அந்த உயரத்தில்தான் வந்து மோதுகிறது. ஆகவே, இரண்டு தரைகளுக்கு இடையே ஏற்றத்தாழ்வு இருந்தால் அது பார்த்தவுடன் தெரியும் படியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியோடு இருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் நான் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் கண்ணால் தேடுகிறேன்.

பழைய வீடுகளில் இந்தச் சிக்கல் இப்படி எழவில்லை என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். எங்கள் பக்கத்து வீடுகளின் நிலைகளுக்கு நான்கு பக்கமும் சட்டம் உண்டு. கீழே கிடக்கும் நிலைப்படி மூன்று நான்கு அங்குலம் உயரம் இருக்கும். அதை மிதிக்கக் கூடாது, அதில் உட்காரக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். வெள்ளிக்கிழமை மஞ்சளும் குங்குமமும் இட்ட மரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். கூடத்தில் பூக்கல், உள்ளறையில் சிவப்புச் சிமெண்ட், பின்கட்டில் கருங்கல் என்று மூன்று வகைத் தரை ஒரே வீட்டில் இருந்தாலும், ஒவ்வொன்றும் அதன் நிலைப்படி வரை வந்து நின்றுவிடும். இரண்டின் விளிம்பும், மட்டத்தில் இருந்த சிறு வித்தியாசமும் அந்த மரத்துக்கு இரு புறமும் அடங்கிவிட்டன. இப்போது தலைவாசலுக்கு மட்டும் நிலைப்படி வைத்துவிட்டு உள்ளறைகளுக்குக் கீழ்ச்சட்டம் இல்லாத நிலைகளை வைக்கிறோம். பெருக்கவும் துடைக்கவும் சக்கர நாற்காலி போகவும் அது வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் நிலைப்படி செய்துகொண்டிருந்த வேலையை யார் செய்வது என்று யோசிக்காமலே அதை எடுத்துவிட்டோம்.

எங்கள் அறையின் தரை எப்படி உயர்ந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, ஒருவரைக் குறைசொல்ல ஏதுமில்லாமல் பல சிறு முடிவுகள் சேர்ந்து அதைச் செய்திருப்பது தெரிந்தது. அறையிலும் பூக்கல் போடுவதாகத்தான் முதலில் திட்டம். பூக்கல்லின் கனம் சுமார் 20 மி.மீ., அடியில் கலவை 25 மி.மீ., ஆக கூடத்து மட்டத்திலிருந்து 45 மி.மீ. பள்ளமாக விட்டு கான்கிரீட் போடச் சொல்லியிருந்தோம். போட்ட கான்கிரீட் ஒரு மூலையில் 20 மி.மீ. மேடாக நின்றுவிட்டது, அதாவது அந்த மூலையில் பள்ளம் 25 மி.மீ. மட்டுமே. இதற்கிடையில் பூக்கல் வேண்டாம், 9 மி.மீ. கனமுள்ள விட்ரிஃபைடு டைல்ஸ் போதும் என்று நாங்கள் மனம் மாறினோம். டைல்ஸ் போட வந்தவர் மேடான மூலையில் 30 மி.மீ. கலவையாவது வேண்டும் என்று அங்கே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு அறை முழுவதையும் அதற்கு இழுத்தார். முப்பதும் ஒன்பதும் முப்பத்தொன்பது, அதில் இருபத்தைந்து போனால் பதினான்கு. அறைக்குள் அவர் வேலை ரசமட்டம் வைத்தாற்போல் துல்லியமாக இருந்தது. கூடத்து மட்டத்தை வாசலில் கொண்டுவந்து, 'இங்கே வந்து சேர வேண்டும்' என்று யாரும் அவருக்குக் கோடு போட்டுக் கொடுக்கவில்லை. அந்தக் கோட்டை நான்தான் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

தரை வேலையில் மட்டம் எடுக்கத் தொடங்க வேண்டிய இடம் வாசல். ஏற்கெனவே இருக்கும், மாற்ற முடியாத தரை எதுவோ அதைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, தண்ணீர்க் குழாயாலோ லேசர் மட்டத்தாலோ அந்தப் பூஜ்யத்துக்கு ஒரு மீட்டர் மேலே எல்லா அறைச் சுவர்களிலும் ஒரு கோடு அடித்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு வாசலிலும் அந்தக் கோட்டிலிருந்து கீழே கான்கிரீட் வரை எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, போடப்போகும் பொருளின் மொத்தக் கனத்தைக் கழித்தால் சரியாக ஒரு மீட்டர் மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். விட்ரிஃபைடு டைல்ஸ் 8 முதல் 10 மி.மீ., அதை ஒட்டும் பசை 3 முதல் 6 மி.மீ.; கிரானைட் 16 முதல் 20 மி.மீ.; லேமினேட் பலகை 8 மி.மீ., அதன் அடியில் விரிக்கும் நுரைத்தாள் 2 அல்லது 3 மி.மீ. கலவையில் பதிப்பதற்கும் பசையில் ஒட்டுவதற்கும் இடையே மட்டும் மூன்று சென்டிமீட்டர் வரை வித்தியாசம் வந்துவிடும். கான்கிரீட் போட்ட பிறகு டைல்ஸை மாற்ற நினைக்கிறவர்கள் இந்தக் கழித்தலை மறுபடியும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

சரி, ஏற்கெனவே உயர்ந்துவிட்ட தரையை என்ன செய்வது? அறை முழுவதையும் உடைத்து எடுக்கலாம் என்று முதலில் நினைத்தோம். பிறகு வாசலின் ஆழம் கண்ணில் பட்டது. பழைய சுவர் ஒன்றரைக் கல் சுவர். பூச்சோடு சேர்த்து 14 அங்குலம், ஏறக்குறைய 350 மி.மீ. கனம். அந்த 350 மி.மீ. நீளத்தில் 14 மி.மீ. ஏறினால் சாய்வு 1:25. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 1:12-ஐவிட இது பாதிக்கும் குறைவு. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 2010ஆம் ஆண்டுக் கட்டடத் தரநிலைகள், தரையில் வரும் ஏற்றம் கால் அங்குலம் வரை செங்குத்தாக இருக்கலாம் என்றும், அதற்கு மேல் அரை அங்குலம் வரை 1:2 என்ற அளவிலாவது சரிவு வேண்டும் என்றும், அரை அங்குலத்தைத் தாண்டினால் சாய்தளமே அமைக்க வேண்டும் என்றும் வகுத்திருக்கின்றன. நம்முடையது அரை அங்குலத்துக்குச் சற்று மேல். எனவே வாசலில் இருந்த டைல்ஸையும் கலவையையும் மட்டும் பெயர்த்துவிட்டு, சுவரின் முழு அகலத்துக்கும் ஒரே துண்டு கிரானைட்டைச் சாய்த்துப் பதிப்பது என்று முடிவு செய்தோம்.

மெருகேற்றிய கிரானைட்டை நான் வேண்டாம் என்றேன். குளித்துவிட்டு வரும் ஈரக்காலுக்குச் சரிவான வழுவழுப்பு ஆகாது. லெதர் ஃபினிஷ் என்று கடைகளில் சொல்லும், கைக்குச் சொரசொரப்பாகத் தெரியும் அடர் சாம்பல் நிறக் கல்லைத் தேர்ந்தோம். சிவப்பும் பச்சையும் கலந்த பூக்கல்லுக்கும் வெளிர் டைல்ஸுக்கும் நடுவே அந்தச் சாம்பல் பட்டை தனியாகத் தெரிகிறது; பார்வை மங்கியவர்களுக்கும் 'இங்கே தரை மாறுகிறது' என்று சொல்லும் வேலையை அந்த நிறம் செய்கிறது. இரண்டு தரைக்கும் பொருந்துகிற நிறமாக இருக்கட்டும் என்று வீட்டில் சிலர் சொன்னார்கள். அழகுக்கு அது சரியாக இருக்கலாம்; கால்வலி உள்ளவர் நடமாடும் வீட்டில் வேறுபாடு தெரிவதே நல்லது என்று நான் நினைக்கிறேன்.

பூக்கல் பக்கத்து விளிம்பைச் சேர்ப்பதுதான் இந்த வேலையில் மிக நுணுக்கமான பகுதியாக இருந்தது. வாசல் திறந்தபோது விளிம்பில் உடைந்துபோன நான்கு கற்களுக்கு மாற்றுக் கற்கள் வாங்க ஆத்தங்குடிக்கே போயிருந்தேன். அங்கே கல் செய்வதை நின்று பார்த்தால் அதன் குணம் புரிந்துவிடும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் உலோக அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிய பின் உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவுகிறார்கள், அதற்கு மேல் ஈரக் கலவையை அடைத்து, கரணையால் தட்டி, வழித்து எடுக்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறியே இறுகுகிறது. முகத்தில் உள்ள பளபளப்பு கண்ணாடி கொடுத்தது, முதுகின் கனம் கை கொடுத்தது. அதனால் ஒரு கல் 19 மி.மீ. இருந்தால் பக்கத்துக் கல் 21 மி.மீ. இருக்கும். இயந்திரத்தில் அழுத்தி வந்த டைல்ஸைப்போல ஒரே கனத்தை இதில் எதிர்பார்த்து அடிப்படுகையை மட்டமாக இழுத்துவிட்டால் மேல்முகம் பல்லிளிக்கும்.

அந்த நான்கு கற்களையும் பதித்த கொத்தனார் அறுபது வயதுக்கு மேற்பட்டவர். ஒவ்வொரு கல்லையும் வைத்து, மரச்சுத்தியின் பிடியால் தட்டி, மேலே பலகை வைத்துப் பார்த்த பிறகு, சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, பழைய கல்லிலிருந்து புதிய கல்லுக்கு விரலால் தள்ளினார். பிறகு எதிர்த் திசையில் தள்ளினார். நாணயம் எந்தப் பக்கமும் தட்டாமல் ஓடினால் அடுத்த கல். தட்டினால் கல்லைத் தூக்கி, அடியில் ஒரு சிட்டிகை கலவையைக் கூட்டியோ குறைத்தோ மறுபடியும் வைத்தார். "கண்ணு ஏமாத்தும் தம்பி, காசு ஏமாத்தாது" என்றார். கிரானைட்டின் கீழ் விளிம்பு பூக்கல்லைத் தொடும் இடத்திலும் அதே சோதனைதான். பூக்கல்லை உரசி மட்டம் செய்யலாம் என்று மட்டும் யாராவது சொன்னால் தயவுசெய்து அனுமதிக்க வேண்டாம். மேலே உள்ள நிறப்படலம் மெல்லியது, தேய்த்தால் கோலம் போய்விடும். அதேபோல, வேலை முடிந்ததும் சிமெண்ட் கறையை நீக்க ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கமும் இங்கே கூடாது. பூக்கல்லே சிமெண்ட்தான் என்பதால் ஆசிட் அதைத்தான் முதலில் தின்னும். பக்கத்து அறை டைல்ஸைக் கழுவினாலும் வாசல் வழியாக வழிந்து வந்துவிடும். நாங்கள் சந்திப்பை ஒட்டிய இரண்டு வரிசைக் கற்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, விளிம்பில் நாடா ஒட்டிய பிறகே வேலையைத் தொடங்க விட்டோம்.

அறைப்பக்க விளிம்பில் வேறொரு சிக்கல் இருந்தது. பழைய வீடு பழைய அடித்தளத்தில் நிற்கிறது, புதிய அறை தன் அடித்தளத்தில் நிற்கிறது. புதுக் கட்டடம் முதல் ஓரிரு ஆண்டுகளில் கொஞ்சம் அமரும். வெயிலுக்கும் மழைக்கும் இரண்டும் வெவ்வேறு அளவில் நீளும், சுருங்கும். அந்த இரண்டும் பிரியும் கோடு சரியாக எங்கள் வாசலின் அறைப்பக்க விளிம்பில் விழுகிறது. அங்கே டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் கிரவுட் வைத்து அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதிர்ந்துபோன அந்த வெள்ளைச் சிமெண்டே சாட்சி. ஆகவே கிரானைட்டுக்கும் விட்ரிஃபைடு டைல்ஸுக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி விட்டு, அடியில் நுரைக் கயிறு செருகி, மேலே பாலியூரித்தேன் சீலண்ட் வைத்து நிரப்பினோம். ரப்பர்போல் இழுபடும் அந்தப் பொருள் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டே நகர்வுக்கு இடம் கொடுக்கும். அதன் மேல் பித்தளைப் பட்டை வைத்து மூட விரும்புகிறவர்கள் பட்டையை ஒரு பக்கத்தில் மட்டுமே பொருத்த வேண்டும். இரு பக்கமும் திருகினால் ஏதாவது ஒரு பக்கம் டைல்ஸ் வெடிக்கும்.

இரண்டு தரையும் பிரியும் கோடு வாசலின் ஆழத்தில் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதும் யோசிக்க வேண்டியதே. மெல்லிய சுவராக இருந்து, இரண்டு தரையும் நேரடியாகச் சந்திப்பதானால், மூடிய கதவுப் பலகையின் நேர் அடியில் கோடு வர வேண்டும். அப்போது கதவைச் சாத்தியிருக்கும்போது எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே தரைதான் தெரியும். கதவே இல்லாத திறப்புகளில் மேலே ஓடும் உத்தரத்தின் விளிம்பு நல்ல வழிகாட்டி. பூக்கல் தரைக்கு ஓரப்பூ என்று தனி வரிசை உண்டல்லவா, அதை வாசலில் வெட்டி நிறுத்தாமல் நேராக ஓடவிட்டு, அதற்கு அப்பால் மாற்றத்தை வைத்துக்கொண்டால் கூடம் முழுமையாக நிற்கும்.

குளியலறை வாசலில் மட்டும் மட்டம் சமமாக இருக்க வேண்டும் என்ற விருப்பத்தோடு தண்ணீர் மோதுகிறது. தண்ணீர் அறைக்குள் வரக் கூடாது என்பதால் குளியலறையைத் தாழ்த்தித்தான் ஆக வேண்டும். ஒரு அங்குலம் தாழ்த்துவது வழக்கம். அந்த ஒரு அங்குலத்தை வாசலில் வெட்டாக விட்டால் இரவில் எழுந்து போகிறவருக்கு ஆபத்து. எங்கள் வீட்டில் கிரானைட் பட்டையின் உள் விளிம்பைச் சரிவாகச் செதுக்கி, குளியலறைத் தரையை வாசலில் 10 மி.மீ. மட்டும் தாழ்த்தி, மீதித் தாழ்வை உள்ளே வாட்டத்தில், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான தரைச் சரிவில், எடுத்துக்கொண்டோம். ஒரு மீட்டருக்கு 10 முதல் 12 மி.மீ. வாட்டம் இருந்தால் தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும். வடிகால் வாய் வாசலுக்கு எதிர்ச் சுவரில் இருந்ததால் இது முடிந்தது. வாசலுக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டிவிட்டவர்களுக்கு இவ்வளவு எளிதாக அமையாது. சிவப்புச் சிமெண்ட் போட்ட சமையற்கட்டைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: அதன் விளிம்பில் புதுத் தரை சேர்ப்பதானால், உளி படுவதற்கு முன்பே வெட்டும் இயந்திரத்தால் நேர்க்கோடு போட்டுவிட வேண்டும். இணைப்பே இல்லாமல் ஒரே வீச்சில் தேய்த்த தரை அது. ஓரத்தில் உளி விழுந்தால் விரிசல் நடு அறை வரை ஓடும்.

மாடியில் தம்பியின் அறைக்கு லேமினேட் போட்டார்கள். அந்தப் பலகை தரையில் ஒட்டப்படுவதில்லை, நுரைத்தாளின் மேல் மிதக்கிறது. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட வேண்டும், வாசலிலும்தான். அந்த இடைவெளியை மூடுவதற்குத்தான் டி வடிவ அலுமினியப் பட்டை. முதலில் வந்தவர் பட்டையின் தண்டைச் சுற்றிப் பசையைக் கொட்டிப் பலகையையும் டைல்ஸையும் ஒன்றாகப் பிடித்துவிட்டார். ஐப்பசி மழையில் பலகை வாசலருகே கூடாரம்போல் எழும்பியது. பட்டையைப் பெயர்த்து, பலகையைக் கொஞ்சம் அறுத்துவிட்டு, தரையோடு மட்டும் பட்டையைப் பிடித்த பிறகு படிந்தது.

அறையின் தரை உயர்ந்ததால் அம்மா அறைக் கதவின் அடியை அறுக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தச்சர் அறுத்துவிட்டுப் போய்விட்டார். தினமும் ஈரத்துணியால் துடைக்கும் தரைக்கு 6 மி.மீ. மேலே, வார்னிஷ் இல்லாத வெறும் மரம் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்ததை இரண்டு மாதம் கழித்துக் கதவு இறுகியபோதுதான் கண்டோம். கதவைக் கழற்றி, வெயிலில் உலர்த்தி, அடிப்பக்கத்துக்கு இரண்டு முறை வார்னிஷ் அடித்து மாட்டினோம்.

ஒவ்வொரு வாசலின் மட்ட அளவும், எந்தத் தரை எந்தக் கனம், எங்கே சீலண்ட் வைத்திருக்கிறது, எந்த மாதம் வைத்தது என்பதும் இப்போது அம்மா அறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளில் ஒட்டியிருக்கிறது. ஆத்தங்குடியில் நான்கு கல்லுக்குப் பதிலாக ஏழு கல் வாங்கினேன். மீதி மூன்றும் வைக்கோல் சுற்றிப் பரணில் இருக்கின்றன. அம்மா இப்போது அந்தச் சாம்பல் கல்லைக் கடக்கும்போது நிலையைப் பிடிப்பதில்லை.